சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போன ஸ்டீயரிங்

அத்தியாயம் ஏழு

சேன்-வெர்னியில் பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே குற்றம் நடப்பதில்லை. திருடனும் போலீஸும் ஒரே உணவகத்தில், பல நாள் அடுத்தடுத்த மேஜையில், உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக் ஓதில் ரொதியேயைக் கைது செய்ய இரண்டு மணிக்கு வருவதாகப் போலீஸ் சொல்லி அனுப்பியதும் அதனால்தான்.

காப்பீட்டுக் கம்பெனியின் துப்பறியும் பெண்மணி சொலாஞ்ஜ் பர்ரியால் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

"ரெண்டு மணி நாற்பது நிமிஷம் இருக்கு, ஃபிர்மேன்."

"சாப்பாட்டைக் கழிச்சா நாற்பது நிமிஷம், மதாம்," என்றான் உதவியாளன் ஃபிர்மேன் திக்ஸியே. "சாப்பாட்டைக் கழிக்கணும்னு நான் சொல்லலை."

இருவரும் வால்ப்ராக் கார் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் நின்றிருந்தார்கள். இங்கே எல்லாமே பெரியது. கதவு பெரியது, சரவிளக்கு பெரியது, சுவரில் பொன் எழுத்தில் பொறித்திருந்த வாக்கியங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியவை. '1926 ஜூலை 18, ஞாயிறு. நண்பகல் பன்னிரண்டுக்குக் கொடி அசைந்தது. 2 மணி 41 நிமிடத்துக்கு எல்லைக் கோட்டைத் தாண்டி, மலைக் கோப்பையைத் தன் கையால் ஓட்டி வென்றார் எங்கள் நிறுவனர் கஸ்பார் வால்ப்ராக். அன்று முதல் இந்தக் காரில் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை.'

கார்தான் அங்கே இருந்ததிலேயே சின்னது. நீல நிறம், இரண்டு இருக்கை, மூக்கில் 14 என்ற எண். ஸ்டீயரிங் இருந்த இடத்தில் ஒரு மொட்டைத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்டீயரிங் மட்டும்தான் போயிருக்கு. மத்ததெல்லாம் திருடனுக்குப் பிடிக்கலை போல," என்றான் ஃபிர்மேன்.

"எங்கள் குடும்பத்தின் இதயத்தையே பிடுங்கிவிட்டார்கள்!" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

நிறுவனரின் பேரன் எமெரிக் வால்ப்ராக். கம்பெனித் தலைவர். ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் இருப்பதுபோலவே பேசிப் பழகியவர். கழுத்தில் வெள்ளைத் துண்டு. அதன் மூலையில் சிவப்பு நூலில் '1' என்று தைத்திருந்தது. நிறுவனர் பந்தயத்தன்று கட்டியிருந்த துண்டின் நகலாம். கம்பெனியின் சின்னமே அதுதான். பந்தய அணி முழுக்க அதைக் கட்டிக்கொண்டுதான் திரியும்.

"நாளைக்கு நூறாவது ஆண்டு விழா. மூவாயிரம் பேர் முன்னால் நானே இந்தக் காரை ஊர்வலமாக ஓட்டி வர வேண்டியது. இப்போது எதை ஓட்டுவது?" என்றார் எமெரிக்.

துக்கம் அவர் முகத்தில் இருந்தது. தோளில் இல்லை என்பதைச் சொலாஞ்ஜ் கவனித்தாள். தோள்கள், தேர்வு தள்ளிப்போன பள்ளிக்கூடத்துப் பையனின் தோள்களைப்போல நிம்மதியாகத் தொங்கின.

"எப்ப காணாமப் போச்சு, மெஸ்யூ?"

"நேற்று வியாழன், விடுமுறை. யாரும் உள்ளே வரவில்லை. இன்று காலை பத்திரிகைக்காரர்களை அழைத்து வந்து நானே திரையை விலக்கினேன். இந்தக் கோலம்! அருங்காட்சியகச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று எங்கள் பந்தய அணியின் தலைமை மெக்கானிக் ஓதிலிடம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் பெரிய மரைக்கு ஒரே ஒரு ஸ்பானர்தான் பொருந்தும். அதுவும் அவளிடம். என் பொருளை நானே திருடுவேனா?" அவர் சிரித்தார். சரவிளக்கும் கூடவே கொஞ்சம் சிரித்தது.

காரின் கதவை ஒட்டி நிறுவனரின் வெண்கலச் சிலை நின்றது. ஒல்லியான, வீர முகமுள்ள கஸ்பார். வலது கையில் ஒரு ஸ்பானர், ஓட்டுநர் இருக்கைப் பக்கம் நீட்டியபடி.

ஃபிர்மேன் கையிலிருந்த விழா மலரில் அச்சான படத்தையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தான். "மலர்ல ஸ்பானர் வாய் மேல பாக்குது. இங்க கீழ பாக்குது. ஸ்தாபகர் சூப்பை மோந்து ஊத்தற மாதிரி இருக்காரே!"

"சிற்பத்தின் அலங்காரம் அது," என்றார் எமெரிக், கொஞ்சம் வேகமாக.

"இதுவும் அலங்காரமா?" ஃபிர்மேன் காலணியின் அடியிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்தான். பொன் பூச்சு பூசிய இலை. அண்ணாந்தார்கள். சுவரில், வண்டிச் சக்கரம் அளவுக்கு, நூறு வருட வெற்றி மாலை தொங்கியது.

"பழைய மாலை. உதிரத்தான் செய்யும்."

மாலைக்குக் கீழே ஆளுயரச் சட்டத்தில் அன்றைய புகைப்படம். வெற்றி மாலையும் வெள்ளைத் துண்டுமாக நிறுவனர். புகைப்படக்காரர் மார்புக்குக் கீழே எடுக்கவில்லை. மரியாதை காரணமாக இருக்கலாம், இடம் போதாததும் காரணமாக இருக்கலாம். அடிக்குறிப்பு: 'இடது ஓரத்தில், உடன் அமர்ந்து சென்ற மெக்கானிக் ஜஸ்தேன் ரொதியேயின் முழங்கை.'

"ரொதியேயா? ஓதிலுக்கு உறவோ?" என்றாள் சொலாஞ்ஜ்.

"கொள்ளுத் தாத்தா. அதனால்தானே திமிர்! 'ஊர்வலத்தில் நான் ஓட்டுகிறேன்' என்று கடிதம் எழுதினாள். முழங்கையின் வாரிசுக்கு ஸ்டீயரிங்கைக் கொடுக்க முடியுமா?"

*

ஓதில் பின்கட்டுப் பட்டறையில் இருந்தாள். நாற்பது வயது, குள்ளம், ஒல்லி. காதில் ஒரு பென்சில், முகத்தில் கரி, வாயில் கோபம். அவளுக்குப் பின்னால் புதிய பந்தயக் கார் மேடையேறி நின்றது.

"திருடணும்னா எஞ்சினைத் திருடியிருப்பேன், மதாம். ஸ்டீயரிங்கை வெச்சு நான் என்ன பண்ண? தலையில மாட்டிக்கிட்டு ஊரைச் சுத்தவா?"

"போலீஸ் ரெண்டு மணிக்கு வருது."

"தெரியும். இன்னிக்கு மெனுவுல சீஸ் நல்லா இருந்தா ரெண்டே கால்." அவள் திரும்பினாள். புதிய காரின் மூக்கைத் துணியால் துடைத்தாள். சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தாள். "நாளன்னிக்கு ஞாயிறு. அறுபது வருஷத்துக்கப்புறம் எங்க அணி பந்தயத்துல இறங்குது. ஆறு வருஷமா இந்த வண்டியைக் கட்டினேன். என் மேல வழக்குன்னு ஒரு காகிதம் இருந்தாப் போதும், மைதானக் கதவைத் தாண்ட விட மாட்டாங்க. ஓட்டறவனுக்கு இது பேசறதுல ஒரு வார்த்தை புரியாது. எனக்குத்தான் புரியும்."

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தனியா ரொட்டி தின்னுட்டு வேலை பாத்தேன்."

ஃபிர்மேன் உச்சுக்கொட்டினான். இந்த ஊரில் தனியாகச் சாப்பிடுகிறவர் மேல் பாதிக் குற்றம் அப்போதே நிரூபணமாகிவிடும்.

"ஸ்பானர் ஒண்ணே ஒண்ணுதானா?" சொலாஞ்ஜ் கேட்டாள்.

"கொள்ளுத் தாத்தா ரெண்டு செஞ்சார். ஒண்ணு இதோ, என் இடுப்புல. இன்னொண்ணைச் சிலை திறப்பு விழாவுக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க. சிலை கையில வெச்சாங்க. அவ்வளவுதான், அப்பறம் வரலை."

சொலாஞ்ஜ் ஃபிர்மேனைப் பார்த்தாள். ஃபிர்மேன், சூப்பு மோந்து ஊற்றுவதுபோல மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.

"இங்க என்ன, வைத்தியசாலை வாடை அடிக்குது?" என்றாள் சொலாஞ்ஜ்.

"விளக்கெண்ணெய். அந்தக் காலப் பந்தயக் காருக்கெல்லாம் அதுதான். பழைய வண்டிக்கு இன்னிக்கும் அதையேதான் ஊத்தறேன், ஸ்டீயரிங் தண்டுலயும் வழிய வழியத் தடவி வெச்சிருப்பேன். ஊர்லயே அந்த ஒரு வண்டிக்குத்தான் விளக்கெண்ணெய்."

"நானும் ஒரு வண்டிதான்னு இப்பத்தான் தெரியுது," என்றான் ஃபிர்மேன். "எங்க அத்தை மாசம் ஒரு கரண்டி எனக்கு ஊத்துவாங்க."

தூரத்தில் தேவாலய மணி பன்னிரண்டுக்கு முந்தைய கால் மணியை அடித்தது. தெருவில் கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. ஊர் சாப்பிடக் கிளம்பிவிட்டது.

*

'காட்டுப்பன்றி' உணவகத்தின் வாசலில் ஒரு மர அலமாரி. புறாக்கூண்டுபோல அறுபது அறைகள். வழக்கமாக வருகிறவர்களின் சாப்பாட்டுத் துண்டுகள் அவரவர் அறையில் மடித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் எண். திங்கள் தோறும்தான் துவைப்பு. வாரக் கடைசியில் ஒருவர் துண்டைப் பார்த்தால் அவர் வாரம் முழுக்கச் சாப்பிட்டதைச் சொல்லிவிடலாம்.

உரிமையாளர் பெர்ரீன் ஷசால் மூன்று தட்டுகளை ஒரே கையில் ஏந்தியபடி அவர்களை உட்காரவைத்தாள். அடுத்த மேஜையில் போலீஸ் சார்ஜென்ட்டும் அவருடைய ஆளும் பயறுக் கறியில் மூழ்கியிருந்தார்கள்.

"மெஸ்யூ வால்ப்ராக் நேத்து வந்தாரா, மதாம் ஷசால்?" சொலாஞ்ஜ் சாதாரணமாகக் கேட்டாள்.

பெர்ரீன் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டாள். விஷயம் அவ்வளவு பெரிது.

"அதை ஏன் கேக்கறீங்க! பன்னெண்டு அம்பதுக்கு வந்தார். பன்னெண்டு அம்பது! முப்பது வருஷத்துல ஒரு நிமிஷம் பிந்தினதில்லை. அவங்க அப்பா செத்த அன்னிக்குக்கூட சூப்புக்கு வந்துட்டார். ஊரே ஆடிப்போச்சு. டாக்டரைக் கூப்பிடவான்னு கேட்டேன்."

"ஸ்டீயரிங் காணாமப் போனதுக்கு இவ்வளவு ஆடலையே," என்றான் ஃபிர்மேன்.

"ஸ்டீயரிங் வேற, தம்பி. அது சாப்பாடா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதைவிட ஒண்ணு. எப்பவும் துண்டை மடியிலதான் போடுவார். நேத்து உள்ள வந்ததும் வராததுமா எடுத்துக் கழுத்துல கட்டி, தொப்பை வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டார். எழுந்து போறப்பதான் கழட்டினார், அதுவும் கோட்டுப் பொத்தானை மேல வரைக்கும் போட்டுட்டு. இந்த ஜூலை வெயில்ல!"

"அவர் அறை எது?"

"ஒண்ணு. குடும்பமே ஒண்ணுதான், ஸ்தாபகர் காலத்துலேர்ந்து."

ஃபிர்மேன் எழுந்து அலமாரிப் பக்கம் போனான். ஒன்றாம் அறைக்குள் மூக்கை நுழைத்தான். உடனே வெளியே எடுத்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் எட்டு வயதுச் சிறுவனுடையதாக இருந்தது.

"அத்தை," என்றான் ஈனக்குரலில். "சந்தேகமே இல்லை, மதாம். துண்டு முழுக்க அத்தை."

மணி பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டாவது அடியின்போது எமெரிக் வால்ப்ராக் வாசலில் நின்றார். சுவரோரம் இருந்த பிரம்மாண்டமான கை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சொலாஞ்ஜும் ஃபிர்மேனும் தங்கள் தட்டுகளோடு அவர் மேஜைக்கு நகர்ந்தார்கள்.

"அழகான நாற்காலி, மெஸ்யூ."

எமெரிக் மலர்ந்தார். "எங்கள் தாத்தாவுடையது! தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் தச்சர் அளவெடுத்துச் செய்தது. நான் உட்கார்ந்தால் ரெண்டு பக்கமும் இடம் மிஞ்சுகிறது, பாருங்கள். தாத்தா எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுமாம்! அது ஒரு தலைமுறை!"

"நாற்காலி வந்திருக்கும். கார் வருமா?" என்றாள் சொலாஞ்ஜ்.

எமெரிக்கின் கை ரொட்டியின் மேல் நின்றது.

"நேத்து காலையில நீங்க யாருக்கும் தெரியாம ஒத்திகை பாக்கப் போனீங்க," என்று அவள் மெதுவாகத் தொடங்கினாள். போலீஸ் மேஜைக்குக் கேட்காத குரல். "காருக்குள்ள இறங்கிட்டீங்க. இறங்கறது சுலபம், பூமி இழுக்கும். ஏறி வெளிய வர முடியலை. வயித்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல காத்துகூட இல்லை. கூப்பிட்டா ஓதில்தான் வருவா. அதுக்கு உங்க மானம் இடம் கொடுக்கலை. மணி பன்னெண்டு அடிச்சுது."

"அந்த மணிதான் கொடுமை," என்றான் ஃபிர்மேன், உண்மையான அனுதாபத்தோடு.

"கைக்கு எட்டற தூரத்துல உங்க தாத்தா ஸ்பானரை நீட்டிக்கிட்டு நின்னார். அவர் வாழ்நாள்ல செஞ்ச ஒரே மெக்கானிக் வேலை அதுதான்னு நினைக்கிறேன். மரையைக் கழட்டினீங்க. ஸ்டீயரிங் வந்துது, நீங்களும் வந்தீங்க, கூடவே தொப்பை நிறைய விளக்கெண்ணெயும் வந்துது. ஸ்பானரைத் திருப்பி வெச்சப்ப தலைகீழா வெச்சுட்டீங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பி மாட்டியிருக்கலாம். மாட்டினா நாளைக்கு மூவாயிரம் பேர் முன்னால உட்காரணுமே!"

எமெரிக் ஒலிபெருக்கி இல்லாத மனிதராகிப் போனார். "நான் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. ஸ்பானர் அவளிடம் இருக்கிறது என்றுதான் சொன்னேன். விழா முடிந்ததும் கிடைத்துவிட்டதாக அறிவித்திருப்பேன்."

"அதுக்குள்ள அவளோட ஞாயித்துக்கிழமை போயிருக்கும்."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அவருக்குள் குடும்பம் மறுபடி நிமிர்ந்தது. "சரி. நான் பருமன். அது என் குறை. தாத்தா அந்தக் காரில் உட்கார்ந்தார், ஓட்டினார், வென்றார்! அந்த வரலாற்றைத் தொடாதீர்கள்!"

"எப்படி உட்கார்ந்தார்? உங்களுக்கு இடம் மிஞ்சற நாற்காலி அவருக்கு இறுக்கம். உங்களுக்கே இறுக்கமான காரு அவருக்கு? ஒரு திருகாணிகூட மாத்தலைன்னு நீங்களே சுவத்துல பொன்னுல எழுதி வெச்சிருக்கீங்க."

எமெரிக் வாயைத் திறந்தார். உள்ளே ரொட்டி மட்டும்தான் இருந்தது.

நாற்காலிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்தில், பழுப்பேறிய ஒரு காகிதம் தொங்கியது. ஃபிர்மேன் எழுந்து உரக்கப் படித்தான்.

"பூண்டு சூப்பு. வாதுமை தூவின ஆற்று மீன். பன்றிக்கால். பாலாடைக்கட்டி போட்டுக் கிளறின உருளைக்கிழங்கு. காட்டுக்கோழி. சீஸ் நாலு விதம். பிளம் பழப் பணியாரம். கீழ குறிப்பு: 'பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. என் வாழ்வின் மிக உன்னதமான மூன்று மணி நேரம். கஸ்பார் வால்ப்ராக்.'"

"மீனுக்கு வாதுமை போட்டிருக்க மாட்டாங்க, அப்ப ஏது வாதுமை?" என்றார் அடுத்த மேஜையிலிருந்து சார்ஜென்ட்.

"போட்டாங்க! எங்க பாட்டன் எழுதின மெனு அது," என்றாள் பெர்ரீன். உணவகம் இரண்டாகப் பிரிந்து வாதுமைக்காகச் சண்டை போடத் தொடங்கியது. பல வருடமாக நடக்கும் சண்டை.

"மேல இருக்கற தேதியைப் படி, ஃபிர்மேன்," என்றாள் சொலாஞ்ஜ்.

"1926, ஜூலை 18. ஞாயிறு."

சண்டை நின்றது. ஒரு முள்கரண்டி எங்கோ விழுந்தது. இத்தனை வருடம் அந்தக் காகிதத்தை எல்லாரும் சூப்பிலிருந்துதான் படித்திருந்தார்கள்.

"கொடி அசைஞ்சப்ப சூப்பு. வண்டி எல்லையைத் தாண்டினப்ப..." ஃபிர்மேன் விரல்விட்டு எண்ணினான். "பணியாரம்."

"இதைச் சட்டம் போட்டு மாட்டினது யாரு?" சொலாஞ்ஜ் கேட்டாள்.

"நான்தான்," என்றார் எமெரிக். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தாத்தாவின் பந்தயக் காகிதங்களையெல்லாம் அப்பா குப்பையில் போட்டுவிட்டார். இதை மட்டும்... இவ்வளவு நல்ல சாப்பாட்டை எப்படித் தூக்கி எறிவது?"

உணவகம் முழுக்கத் தலைகள் ஆடின. அதை எவரும் எறிந்திருக்க மாட்டார்கள்.

"மூணு மணிக்கு இங்கேயிருந்து நேரா ஓடிப்போய் மாலையைப் போட்டுக்கிட்டுப் படத்துக்கு நின்னிருக்கார். எதையோ கழட்ட மறந்துட்டு," என்றாள் சொலாஞ்ஜ்.

அவள் எழுந்து போய், ஒன்றாம் அறையிலிருந்து அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்து வந்தாள். எமெரிக்கின் கழுத்திலிருந்த கம்பெனிச் சின்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே வெள்ளை. அதே மூலை. அதே சிவப்பு நூலில் அதே '1'.

"வெற்றியாளரின் துண்டு," என்றான் ஃபிர்மேன் பயபக்தியோடு. "நாளன்னிக்கு அணி மொத்தமும் வாய் துடைக்கற துணியைக் கட்டிக்கிட்டுப் பந்தயத்துல இறங்குது."

சொலாஞ்ஜ் பெர்ரீனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்," என்றாள் பெர்ரீன், தட்டுகளை அடுக்கியபடி. "வாடிக்கைக்காரங்க துண்டைப் பத்தி வெளியில பேசற வழக்கம் எங்களுக்கில்லை."

சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார், சீஸ் தட்டைப் பார்த்தார், எமெரிக்கைப் பார்த்தார். "அப்ப நாங்க ரெண்டு மணிக்கு யாரைக் கைது பண்றது, மெஸ்யூ வால்ப்ராக்?"

எமெரிக் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டார். முதல் முறையாக அது அதன் வேலையைச் செய்தது.

"யாரையும் வேண்டாம். ஸ்டீயரிங் தொலையவே இல்லை. நான்தான் கழற்றினேன்," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஓதிலிடம் நானே சொல்கிறேன்."

*

இரண்டு அடித்தபோது ஊரில் பாதி அருங்காட்சியகத்துக்குள் இருந்தது. ஃபிர்மேன் ஏணியில் ஏறி, உதிர்ந்தது போக மிஞ்சிய பொன் இலைகளோடு வெற்றி மாலையை இறக்கினான். அதன் பின்னால், அதே ஆணியில், ஸ்டீயரிங்.

"போன வாரம் எடுத்து விழா மலர்ல போட்ட படத்துல மாலையோட வட்டம் ஒல்லியா இருந்துது. இப்ப கொஞ்சம் சதை போட்டிருந்துது," என்றாள் சொலாஞ்ஜ்.

ஓதில் ஸ்டீயரிங்கை வாங்கினாள். தண்டில் பொருத்தினாள். இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து மரையை முறுக்கினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கதவின் மேல் காலை வீசி உள்ளே இறங்கினாள். முழங்கால்கள் தண்டுக்கு இரண்டு பக்கமும் அடங்கின. மிதிகட்டைகளுக்குக் காலை எட்டி நீட்டவும் வேண்டியிருக்கவில்லை, மடக்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. இருக்கைத் தோலில் இருந்த பள்ளத்தில் அவள் முதுகு போய்ச் சரியாக உட்கார்ந்தது.

"கொள்ளுத் தாத்தாவும் என் உயரம்தான்," என்றாள். "பக்கத்து இருக்கையில முதலாளியோட கோட்டை வைக்கோல் அடைச்சு உக்கார வெச்சு ஓட்டினார்னு அம்மா சொல்வாங்க. குடிச்சுட்டுச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

எமெரிக் அருகில் வந்தார். "நாளைக்கு நீதான் ஓட்டுகிறாய், ஓதில். ஞாயிறும் உன்னுடையதுதான். மன்னித்துவிடு."

"ஓட்டறேன். பக்கத்துல நீங்க உக்காருங்க, மெஸ்யூ," என்றாள் அவள். "அந்தப் பக்கம் ஸ்டீயரிங் இல்லை. பயப்படாதீங்க."

அவர் சுவரில் மின்னிய பொன் எழுத்துகளைப் பார்த்தார். பாதியை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. "இங்கே ஜஸ்தேன் ரொதியே என்று எழுதிவிடலாம். ஆனால் எங்கள் தாத்தா? அவர் பெயரை நான் எங்கே எழுதுவது?"

ஏணியின் உச்சியிலிருந்து ஃபிர்மேன் குனிந்தான்.

"உணவகத்துல ஏற்கெனவே எழுதியிருக்கே, மெஸ்யூ. அவரே கையெழுத்தும் போட்டிருக்கார்."